ஈராக் என்று பேர் வைத்த சேவல்

மதினி,

இன்று மத்தியானம் கிறிஸ்மஸ் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் செய்தி ஓடியது. அமெரிக்க விமானங்கள் மறுபடியும் ஈராக்கில் குண்டு போடுகின்றனவாம். செய்தி வாசிக்கிறவள் பாக்தாத் என்றாள், பஸ்ரா என்றாள், காய்கறி விலை சொல்வது மாதிரி. பஸ்ரா என்றதும் என் கை நின்றுவிட்டது. வெல்லம் தீய்கிற வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் சட்டியை இறக்கினேன். நீங்கள் இருந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே, "மதினி, பாகு முத்திப்போச்சு. இனிமே அதுல சுட்டா அதிரசத்த வச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம்" என்று சத்தம் கொடுத்திருப்பீர்கள். போன மாசியிலிருந்து அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நம் தெருவில் பாதி வீட்டில் சிலுவை, பாதி வீட்டில் திருநீறு. எல்லாம் ஒரே வகையறா. என் தாத்தா காலத்தில் எங்கள் வீடு வேதத்துக்கு வந்தது, உங்கள் வீட்டுக்காரர் வீடு வரவில்லை, அவ்வளவுதான். அவர் எனக்கு முறைக்கு அண்ணன். நரிக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்த உங்களை நான் மதினி என்றேன், நீங்களும் என்னை மதினி என்றீர்கள்.

அண்ணன் குவைத்துக்கு டிரைலர் ஓட்டப் போனது எண்பதுகளின் கடைசியில். மழை பொய்த்து, காட்டில் விதைத்த கம்பு கருகி நின்ற வருஷம். பஸ்ஸில் ஏறும்போது அவர் அழுதார், நீங்கள் அழவில்லை. "குவைத்துக்காரன் என்ன, இவுகளப் புடிச்சா வச்சுக்கப் போறான்?" என்று சிரித்தீர்கள். பிறகு ஓர் ஆடி மாதத்தில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. நம் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கட்டின துணியோடு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். மல்லாங்கிணறு டிரைவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நாம் இருவரும் போனோம். அவர் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"லோடு ஏத்திக்கிட்டு பஸ்ரா பக்கம் போனாரு தாயி. பாஸ்போர்ட்டு மொதலாளி கையில. திரும்பி வரல. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "வரலன்னுதான சொன்னாரு மதினி? வேற ஒண்ணும் சொல்லலையே?"

தை பிறந்து பொங்கல் பானைச் சூடு ஆறுமுன் அமெரிக்கா குண்டு போட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நம் தெரு தெருவாக இல்லை. டீக்கடையில் ஈராக் தலைவரின் படத்தை ஒட்டினார்கள். சின்ன வயதில் எங்கள் வேதக் கோயில் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பால்மாவு கரைத்து ஊற்றியதை முப்பது வருஷம் கழித்து எங்கள் முகத்தில் வீசினார்கள். "ஒங்க ஆளு எப்படிக் குண்டு போடுறான் பாத்தீகளா? பால்மாவு குடிச்ச வாயி, பேச மாட்டீக!" எங்கள் பையன்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவன்கூட, "ஒரு வாரத்துல ஈராக்கு சாம்பல்டா" என்று தொடை தட்டினான். மண்ணெண்ணெய் வரிசையிலும் இதே சண்டை. அந்த வரிசையில் நின்றுதான் நீங்கள் என் காதில் சொன்னீர்கள்: "நம்ம வீட்டு ஆளு நடுவுல நிக்கிறாக. இவனுக ரெண்டு பக்கமும் கை தட்டுறானுக."

இரண்டு சேவல் வளர்த்தீர்கள். ஒன்று காளியம்மனுக்கு, ஒன்று எங்கள் கோயிலுக்கு. "இப்படி ரெண்டு பக்கம் நேரலாமா மதினி?" என்றேன். "எந்தச் சாமிக்கு அந்த ஊருப் பாதை தெரியுமோ, யாரு கண்டா?" என்றீர்கள். என் வேதம் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது. உங்கள் கண்ணைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தத் தைக் கடைசியில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருட்களை வேப்பமரத்தடியில் ஏலம் விட்டார்கள். மிளகாய், பூசணி, முட்டை, கோழி. ஏலத்துக்கு மட்டும் ஊரே வரும், சாமி வித்தியாசம் பார்ப்பதில்லை. ஏலம் கூறியவர் என் கொழுந்தனார். கேலி பேசி விலை ஏற்றுவதில் கெட்டிக்காரர். ஒரு கையில் வெள்ளைச் சேவல், மறு கையில் உங்கள் செவலைச் சேவல். தூக்கிப் பிடித்துக் கத்தினார்: "இந்தா, வெள்ள அமெரிக்கா! செவல ஈராக்கு! யாருக்கு எது வேணும்? ரோசக்காரன் கேளுங்கப்பா!"

சிரிப்பு கிளம்பியது. விலையும் கிளம்பியது. எங்கள் பையன்கள் வெள்ளைக்கு ஏற்ற, டீக்கடை ஆட்கள் செவலைக்கு ஏற்ற, ஆட்டுக்கிடாய் விலைக்கு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. சட்டையைப் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் துள்ளிக்கொண்டு, "ஈராக்க நான் எடுக்கேன்! இப்பவே கழுத்த அறுத்துக் கொழம்பு வச்சிருவோம்டா!" என்றான்.

பெண்கள் பாயில் என் பக்கத்தில் இருந்த நீங்கள் எழுந்து போனதை நான் கவனிக்கவே இல்லை. கூட்டத்துக்கு நடுவே உங்கள் குரல் கேட்டது, சத்தம் போடாத குரல்.

"அண்ணே, அது ஈராக்கு இல்ல. எங்க வீட்டுக்காரவுக உசுருக்கு நேந்தது."

கொழுந்தனாரின் தூக்கிய கை இறங்கிவிட்டது. சட்டையைப் பிடித்தவர்கள் விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் அந்தச் சேவலைக் கேட்கவில்லை. இரக்கத்தில் சிலர், பயத்தில் சிலர். ஏலத்தில் எடுக்க ஆளில்லாமல் ஒரு காணிக்கை நின்றால், அதைச் சாமி ஏற்கவில்லை என்றுதான் நம் சனம் சொல்லும். உங்கள் உதடு வெளுப்பதை நான் பார்த்தேன். எங்கள் கோயில் ஏலத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் விலை கேட்டதில்லை. நான் எழுந்து, கடைசியாகக் கேட்ட விலையையே கேட்டேன். கொழுந்தனார் தலை தூக்காமல், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்றார்.

எடுத்தேனே தவிர, அதை என்ன செய்வது? அறுக்க மனம் வருமா? காணிக்கையான பொருளை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. எங்கள் வாசலில் வளர்ந்தது. அது கூவும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் வாளிச் சத்தம் ஒரு கணம் நிற்கும்.

அடுத்து வந்த மாசியிலேயே யுத்தம் முடிந்தது. ரேடியோவில் கேட்டதும் ஈரக்கையோடு ஓடி வந்தீர்கள். "முடிஞ்சிருச்சாமே மதினி! அப்ப வந்துருவாகள்ல?"

வரவில்லை. கலெக்டர் ஆபீசிலிருந்து மெட்ராஸ் வரை ஏறி இறங்கினோம். இருக்கிறார் என்று எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சேவல் வெள்ளைக்கழிச்சல் நோயில் போனது. உங்கள் மகள் வயதுக்கு வந்தாள். நீங்கள் ஒவ்வொரு நாளும் பொட்டு வைத்தீர்கள். தெருவில் கல்யாணம் வந்தால் ஆரத்தித் தட்டை உங்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்று பெண்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் அவர்கள் கண்ணில் வருமுன்பே நீங்கள் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு கிளம்பிவிடுவீர்கள்.

போன மாசியில், இரண்டு நாள் காய்ச்சலில், நீங்கள் போனீர்கள். நீர்மாலைக் குடம் எடுத்து வந்து உங்களைக் குளிப்பாட்டின பிறகு, அந்தக் கேள்வி எழுந்தது. பொட்டும் பூவும் வைத்து அனுப்புவதா, வெறும் நெற்றியோடு அனுப்புவதா? அண்ணனோடு பிறந்த மூத்தவர், "ஏழு வருசம் தாண்டிருச்சு. சட்டப்படியே அவன் இல்லாதவன்தான். முறையச் செய்ங்க" என்றார். குங்குமச் சிமிழைப் பிடித்திருந்த பெண் அதை மூடினாள். உங்கள் மகள் என்னைப் பார்த்து, "அத்த, நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் கோயில் பெண்கள் சங்கத்துக் கணக்கு எழுதுகிறவள் மதினி. ரசீது இல்லாமல் ஒரு வரியை அடிக்க எனக்குக் கை வராது. "அண்ணன் போயிட்டாருன்னு யாரு வந்து சொன்னா? சொன்ன ஆளக் காட்டுங்க" என்றேன். சிமிழை நானே வாங்கித் திறந்தேன். பின்னால் ஒரு குரல், "வேதக்காரி குங்குமத்தத் தொடுதா பாரு" என்றது. பிறந்ததிலிருந்து பொட்டே வைத்தறியாத கை. எவ்வளவு எடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. உங்கள் குளிர்ந்த நெற்றியில் கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் சாயந்தர ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. நோயாளிகள், பிரயாணத்தில் இருக்கிறவர்கள், கடைசியில் இறந்தவர்களை நினைத்து ஸ்தோத்திரம். இன்று கடைசிப் பகுதியில் உங்கள் பேரைச் சொன்னேன். அண்ணன் பேரைப் பிரயாணத்தில் இருக்கிறவர்களோடுதான் சொன்னேன்.