நாற்பது நொடி தாமதம்

ஃபேர்லி, ஆர்கன்சா
ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

அன்புள்ள மார்லின் அண்ணனுக்கு,

லோர்னா எழுதுவது. டெக்சஸில் ஆட்டம் பார்த்துவிட்டு இன்று மதியம்தான் வந்து சேர்ந்தேன். நாளை செப்டம்பரின் முதல் திங்கள், தொழிலாளர் தின விடுமுறை, தபால் கிடையாது. அதனால் இதை நானே வந்து உங்கள் பெட்டியில் போடுகிறேன். கதவைத் தட்ட மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன்.

ரசிகர் தளத்தில் 'நனைந்த நாரை' என்ற பெயரில் எழுதுவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் வெஸ் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கிறார். அவர் போன இந்த இரண்டு வருடமாக, ஆட்டம் நடக்கும்போதெல்லாம் அந்தத் தளத்தின் அரட்டைத் திரியை நானும் ஒரு பொய்ப்பெயரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவரோடு பழகியவர்கள் பேசுவதைக் கேட்கலாம் என்ற ஆசைதான்.

நேற்று சீசனின் முதல் ஆட்டம். கல்லூரி அணிக்காக என் பையன் டேனர் முதல்முறையாக உதைக்க இறங்கினான். நம் நாரைகள் அணி இரண்டு புள்ளி பின்னால், பதினோரு நொடிதான் பாக்கி. பந்து இரண்டு கம்பத்துக்கும் நடுவே போனால் மூன்று புள்ளி, ஜெயித்துவிடுவோம். அரங்கில் போனும் கையுமாக நின்றேன். பந்து கம்பத்துக்கு வெளியே போனது. உடனே திரியில் கொட்டித் தீர்த்தார்கள். "யாருடா இவன்?" "உதவித்தொகையப் பிடுங்குங்க!" "பஸ்ல ஏத்தாதீங்க, நடந்தே வரட்டும்!" முகம் தெரியாதவர்கள், தொலையட்டும் என்று விட்டேன். அடுத்து உங்களுடையது வந்தது.

"பந்தை என் தபால் பையில போடுங்கப்பா. வியாழக்கிழமைக்குள்ளயாவது கம்பத்தைத் தாண்டும்."

தொள்ளாயிரத்துச் சொச்சம் லைக்.

அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடிவந்தவர் நீங்கள். இனிமேல் உதைக்கவே மாட்டேன் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டானாம். வரும் சனிக்கிழமை நம்மூரில் ஆட்டம். என் பக்கத்தில் உங்கள் இருக்கைக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். வெஸ்ஸும் நீங்களும் பத்தொன்பது வருடம் சேர்ந்து உட்கார்ந்த இடம்.

வருத்தத்துடன்,
லோர்னா

---

செப்டம்பர் 2, செவ்வாய்

அன்புள்ள லோர்னாவுக்கு,

தபால்தலை ஒட்டாமல் பெட்டியில் போடுவது சட்டப்படி குற்றம், தெரியுமா? முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தவன் சொல்கிறேன். இதை எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், மறுபடியும் ஜோக். விளையாட்டாகப் பேசியே பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ள அல்ல, நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் வீட்டில் இணையத்தில்தான் ஆட்டம் பார்த்தேன். அதில் படம் நாற்பது நொடி பின்தங்கி வரும். என் திரையில் டேனர் அப்போதுதான் மைதானத்துக்குள் நடந்துவருகிறான். திரியிலோ "போச்சு, போச்சு" என்று வரத் தொடங்கிவிட்டது. யாரும் முந்துவதற்குள் நான் ஜோக்கடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. தட்டிவிட்டேன். அதன்பிறகுதான் என் திரையில் அவன் உதைத்தான்.

லோர்னா, உதைப்பதற்காக எறிந்து கொடுத்த பந்தே தாழ்வாக வந்தது. அதைப் பிடித்துத் தரையில் நிறுத்திக் கொடுக்க வேண்டிய பையன் தடுமாறினான், பந்து படுத்தேகிடந்தது. டேனர் அதையும் காலால் வாரி எடுத்து அடித்தான். இரண்டடியில்தான் தவறியது. பத்து தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் திட்டியது, அதுவரை நான் பார்க்கவே பார்க்காத ஓர் உதையை.

பதிவை எடுத்துவிட்டு, சொந்தப் பெயரில் மன்னிப்பு எழுதினேன். அதற்குப் பன்னிரண்டு லைக். "தாத்தா மாத்திரை போட மறந்துட்டார்போல" என்று ஒருவன் எழுதியிருக்கிறான். எனக்கு வேண்டியதுதான்.

இருக்கையை யாருக்கு வேண்டுமானாலும் கொடு. டேனரிடம் மட்டும் அந்தப் பந்தைப் பற்றிச் சொல்.

வெட்கத்துடன்,
மார்லின்

---

செப்டம்பர் 4, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. தபால்தலையோடு, வியாழக்கிழமைக்குள்.

நானும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். டேனரிடம் சண்டையே போட்டேன், ஏண்டா இதை வெளியே சொல்லவில்லை என்று. "பந்தை நிறுத்தினவன் என் ரூம்மேட்மா. இப்ப என்னைத் திட்டுறாங்க. சொன்னா அவனைத் திட்டுவாங்க. அதுல என்ன லாபம்?" என்றான். வெஸ்ஸே வந்து பேசின மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஜோக்குக்கு லைக் போட்ட அத்தனை பேரில் டேனரும் ஒருத்தன். 'முப்பத்தேழு' என்ற பெயர், அவன் சட்டை எண். உடைமாற்றும் அறையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லைக்கை அமுக்கினானாம். "நல்ல ஜோக்குதாம்மா. முன்னாடி வேற ஒருத்தன் தவறவிட்டப்போ மார்லின் மாமா இதையே அப்பாகிட்ட சொன்னாரு, நானும்தானே சிரிச்சேன்" என்கிறான். எனக்கு அழுகையாக வந்தது.

அழுதபோது நான் செய்ததும் நினைவுக்கு வந்தது. போன வருடம் நம் அணிக்கு உதைத்தானே, அந்த ஹோல்கம் பையன். அவன் தவறவிட்ட அன்று, "இவனுக்கு ஷூ மாட்டிவிட்டது யாரு?" என்று நான் எழுதினேன். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்று பூராவும் எனக்குச் சந்தோஷம்! அவன் அம்மா நமக்கு நாலு வரிசை கீழேதான் உட்காருவாள். அவளும் படித்திருப்பாள். உங்களைக் கேட்க நான் யார்?

பயிற்சியாளர் டேனரை விடவில்லை. சனிக்கிழமை சீருடை போட்டு நிற்பான். கூப்பிட்டால் போவானா, தெரியாது. தனியாக அதைப் பார்க்க என்னால் முடியாது. வாருங்கள். ஒரே நிபந்தனை, போன் வண்டியிலேயே இருக்கட்டும், இருவருடையதும்.

வறுத்த கோழி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
லோர்னா

---

செப்டம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள லோர்னாவுக்கு,

நேற்றுதானே பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், இதற்குள் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் என்றால் ஜோக்கடித்தே மழுப்பிவிடுவேன்.

மூன்றாம் பகுதியில் அவனைக் கூப்பிட்டார்கள். ஓடியே வந்தான். நீ கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருக்கிறது. நமக்கு முன்னால் இருந்தவர்கள் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தை மட்டும் பார்த்தேன். "என்னாச்சுண்ணா?" என்றாய். "வலப்பக்கம் போயிடுச்சும்மா. ஆனா சுத்தமா உதைச்சான். நான் பார்த்தேன்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல ஒரு வாரமாகக் காத்திருந்தேன்.

நீ அவனைப் பார்க்கக் கீழே இறங்கிப்போன பிறகு வண்டிக்குப் போய்ப் போனை எடுத்தேன். நிபந்தனையை மீறவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்தன்றும் புதுத் திரியைத் திறந்துவைப்பவன் நான். வேறொருவர் திறந்தால் தோற்போம் என்று அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. நேற்று வேறு யாரோ திறந்திருக்கிறார்கள். இருந்தும் ஜெயித்துவிட்டோம்! இனி என்னைத் தேட மாட்டார்கள்.

உள்ளே, டேனரின் நேற்றைய உதைக்கும் என் தபால் பை ஜோக் இருந்தது, அட்சரம் மாறாமல். எவனோ தன்னுடையது மாதிரி போட்டிருக்கிறான். அறுநூற்றுப் பன்னிரண்டு லைக். லைக் போட்டவர்களின் பட்டியலைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அரங்கத்து வண்டிகளெல்லாம் கிளம்பிப் போய்விட்டன, என் வண்டி மட்டும் நின்றது.

முப்பத்தேழு இந்தத் தடவை அதில் இல்லை, லோர்னா. இரண்டு தடவை பார்த்தேன்.

உன் அண்ணன்,
மார்லின்