இடப்பக்கத் திரை

நான் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிடாத என் வீட்டுக்காரருக்கு,

இன்னாங்க, சாப்பிட்டீங்களா? பழக்கத்தில் கேட்டுவிட்டேன். நான் சாப்பிட்டேன். ஒருத்திக்கு வைத்த குழம்பும் தீரமாட்டேன் என்கிறது.

உங்கள் கம்ப்யூட்டர் என்னைப் படுத்துகிறது. நீங்கள் பிடிவாதமாகப் போட்டுவைத்த லினக்ஸ். இரண்டு மானிட்டரில் இடப்பக்கம் உங்களுடையது, வலப்பக்கம் என்னுடையது. போன வாரம் இடி இடித்ததில் உங்களுடையது இருண்டுவிட்டது. கம்ப்யூட்டருக்கு அது புரியவில்லை. எதைத் திறந்தாலும் அந்த இருட்டில்தான் திறக்கிறது. சரிசெய்யலாமென்று செட்டிங்ஸைத் திறந்தால் அதுவும் அங்கேயே போய் ஒளிகிறது. யாரிடம் போய்ச் சண்டை போட?

பக்கத்துப் பாலகாட் மைன்ஸில் ஒரு வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, நான் டிசைன் செய்து தரவேண்டியது, அவசரம். "நாளைக்கு வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா" என்றார் பிரஸ்காரர். எனக்கென்று மிச்சமிருப்பது இந்த வேலைதானே?

உங்களோடு தினமும் வேலைக்குப் பெங்களூர் ரயிலில் போய்வந்த செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணி, இதுக்குப் போயி! அந்தக் கேபிளப் புடுங்கிப் போடுங்க. செத்த மானிட்டர வச்சிக்கினு இன்னா பண்ணப்போறீங்க?"

"புடுங்கமாட்டேன். வேற வழி சொல்லுப்பா."

அவனிடம் எப்படிச் சொல்வேன்? சுரங்கக் கழிவுமண் குவிந்த நம்மூர் சயனைடு மேட்டில் எடுத்த நம் படத்தை இரண்டு திரைக்கும் சேர்த்து விரித்துவைத்தீர்களே. நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இப்போது நான் மட்டும் யார் மேலோ சாய்ந்து சிரிக்கிறேன். கேபிளைப் பிடுங்கினால் உங்கள் பாதி அடியோடு போய்விடுமென்று பயம். அந்தக் காலத்தில் மாமா தங்கச் சுரங்கத்தில் ஷிப்டுக்கு இறங்கினால், ஏறி வரும்வரை அத்தை வாசல் விளக்கை அணைக்கமாட்டார்களாம். நீங்கள் போனதிலிருந்து நானும் அணைக்கவில்லை.

செல்வம் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொன்னான். செட்டிங்ஸ் என் திரைக்குத் தாவியது. உங்கள் திரைக்கென்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அணைத்தேன்.

திறந்தால், படம் முழுசாக என் திரைக்குள்! மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு, சின்னதாக. பக்கத்தில் நீங்கள்.

இந்த மாற்றம் இருக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது. அழுதுகொண்டிருந்தவள் கவனிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, பழையபடி உங்களை இருட்டுக்கே அனுப்பிவிட்டது.

"இன்னா அண்ணி, சத்தத்தையே காணோம்?"

"இருப்பா. இந்த வாட்டி விடமாட்டேன்."

மறுபடி அணைத்து, இருக்கட்டும் என்று அழுத்தினேன்.

பத்திரிகையை அனுப்பிவிட்டேன். இனி அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரமாட்டேன், சத்தியம். இன்றைக்கு வாசல் விளக்கையும் அணைத்துவிட்டுப் படுப்பேன். நீங்கள்தான் ஏறி வந்துவிட்டீர்களே.

உங்கள் தோளில் சாய்ந்தபடி,
உங்கள் வீட்டுக்காரி
மைசூர் மைன்ஸ்