எழுத வருகிறது, வாசிக்க வரவில்லை

பிப்ரவரி 11, செவ்வாய்

எழுந்ததிலிருந்து தலையின் பின்பக்கம் வலி. கடை திறந்து பேப்பரை விரித்தால் எழுத்தெல்லாம் மலையாளம் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். உள்ளே போகும்போது வலது தோள் கதவில் இடித்தது. கண்ணாடி பவர் மாறியிருக்கும். சாயர்புரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவள் தலைவலிக்கு ஆஸ்பத்திரி போனால் சிரிப்பார்கள். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 13

இதை எழுதும்போது பேனா தானாக ஓடுகிறது. ஆனால் முந்தாநாள் எழுதியதைப் பார்த்தால் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. என் கையெழுத்துதான், அது தெரிகிறது. என்ன எழுதியிருக்கிறேன்?

எனக்குப் பைத்தியமா?

வீட்டுக்காரர் எபனேசரிடம் சொல்லவில்லை. அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். ஜெபத்தில் வேதம் வாசிக்கச் சொன்னார். "தொண்டை கட்டியிருக்கு, நீங்க வாசிங்க" என்றேன். பொய்.

பிப்ரவரி 15

டாக்டர் சீட்டு கொண்டுவருகிறவர்களிடம், "எதுக்குக் குடுத்தாங்க, எப்பவும் வாங்குறதுதானா?" என்று பேச்சுக் கொடுத்து, மாத்திரை அட்டையின் நிறத்தையும் அது இருக்கும் தட்டையும் வைத்து எடுத்துக் கொடுக்கிறேன். யாருக்கும் சந்தேகமில்லை. பி.ஃபார்ம். படித்தவள் ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். கடையைப் பூட்டினால் என்ன? ஏன் பூட்டினாய் என்று கேட்பார்களே.

பிப்ரவரி 18

ஐயோ ஆண்டவரே. அற்புதமணி அக்கா விழுந்துட்டாங்க.

எப்போதும் என்னிடமே வாங்குகிறவர், நேற்றும் சுகர் மாத்திரை வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியது ஒன்று. நான் கொடுத்தது இன்னொரு மருந்தும் கலந்ததாம். ஒரே கம்பெனி, ஒரே நிற அட்டை, பெயரின் வாலில் ஓரிரு எழுத்து மட்டும் வித்தியாசம். காலையில் சர்க்கரை அளவு இறங்கி, வியர்த்து நடுங்கி அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றியபிறகுதான் கண் திறந்தாராம்.

அவர் மகன் பெவின் அந்த அட்டையைக் கொண்டுவந்து மேசையில் போட்டான்.

"நீங்க படிச்சவங்கதானக்கா? இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வாசிங்கக்கா."

கடையில் ஆட்கள் நின்றார்கள். "எனக்கு வாசிக்க வரலப்பா" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். "எங்கம்மா அங்கன கெடக்கா, உங்களுக்கு வெளையாட்டா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். செத்திருந்தா? நான் கொன்னிருப்பேனே.

பிப்ரவரி 20, ஆஸ்பத்திரி

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஏளா, ஒரு வாரமா எங்கிட்ட மறைச்சிருக்கியே, நான் யாரு ஒனக்கு?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பேனாவைக் கொடுத்து, பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். "இப்ப வாசிங்க." ஒரு எழுத்துகூட வரவில்லை. என் பெயர்! வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டேன்.

மூளையின் இடப்பக்கம், பின்னால், ரத்தம் போகாமல் கொஞ்சம் செத்துவிட்டதாம். பார்வைக்கான இடம் அது. வலது பக்கம் தெரியாமல் இடித்துக்கொண்டது அதனால்தான். கண்ணில் கோளாறு இல்லை. பார்த்த எழுத்தை மொழிக்கான இடத்துக்குக் கொண்டுபோகும் வழி அறுந்திருக்கிறது. பேசுவதற்கு வேறு இடம், கையை ஓட்டி எழுத வைப்பதற்கு வேறு இடம். அவை அப்படியே இருக்கின்றன. "தலைவலி வந்த அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டரம்மா.

கல்லூரியில் மூளைப் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். வெட்கப்படுவதற்கு எந்த இடமோ, அது நன்றாகவே வேலை செய்கிறது.

பிப்ரவரி 27

அற்புதமணி அக்கா வீட்டுக்கு இருவரும் போனோம். வீட்டுக்காரர் ஸ்கேன் படத்தைப் பையிலிருந்து எடுக்கப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். அதைக் காட்டித் தப்பிக்கக் கூடாது.

"வாசிக்க வரலன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் குடுத்தேன். என் சீக்குக்கு இதுல பங்கில்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மருமவள கூட்டிட்டு வந்திருப்பேனே, ஏளா. எங்கிட்ட என்ன வெக்கம்?"

எப்போது போனாலும் மருமகளைக் காபி போடச் சொல்வார். இன்று சொல்லவில்லை.

மார்ச் 5

மருந்து எடுத்துக் கொடுக்க ஜெபிஷா கடைக்கு வந்துவிட்டாள். நாசரேத்துப் பெண், டி.ஃபார்ம். முடித்தவள். நான் சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். "அக்காவுக்கு எழுத்து மறந்து போச்சாம்" என்று வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறார்கள். கேட்கத்தான் செய்கிறது.

மார்ச் 18

ஆஸ்பத்திரியில் வாசிக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் எழுத்தின் மேல் விரலை ஓட்டச் சொல்கிறாள். கண்ணுக்குப் பிடிபடாதது விரல் போகும் வழியில் பிடிபடுகிறது! 'மரம்' என்று வாசிப்பதற்குள் வியர்த்துவிட்டது. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை மாதிரி. கடையில் பழகும்போது ஆள் வந்தால் கையை மடிக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

மார்ச் 30

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. போனால் பாட்டுப் புத்தகத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஏப்ரல் 9

அற்புதமணி அக்கா கடைக்கு வந்தார். இத்தனை நாளும் பெவின் ஏரலில்தான் மாத்திரை வாங்கினானாம்.

ஜெபிஷா அட்டையை எடுத்து நீட்டினாள். அக்கா அதை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"நீ வாசி."

"ஜெபிஷா பாத்துட்டாக்கா."

"அவ பாத்தது இருக்கட்டும். நீ வாசி."

பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கையை மடியிலிருந்து எடுத்தேன். முதல் எழுத்தின் மேல் விரலை ஓட்டினேன். பிறகு அடுத்தது. அதைத் தவறவிட்டு மறுபடி ஓட்டினேன். யாரோ இருமினார்கள். காது சுட்டது.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெல்ல வாசி. அடுப்புல ஒண்ணும் வச்சிட்டு வரல."

வால் எழுத்துவரை போனேன். மாத்திரையின் பெயரைச் சொன்னேன். ஜெபிஷா தலையாட்டினாள். அக்கா அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.