நான் சொன்னதில் பாதி

இன்று காலை உன் மனைவி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். வயிற்றைச் சுத்தம் செய்கிறதாம், அந்தப் பொடி. பாதிதான் காலியாகியிருந்தது. மூடியைத் திறந்ததும் சோம்பு வாசம்.

"இத இன்னாண்ணா செய்யறது?" என்றார். கோபத்தோடு மூடியை இறுக்கி மூடினேன்.

சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் உன்னுடையது. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். ரத்த அழுத்தம் என்று டாக்டர் உனக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த வாரம், கோவளம் கடற்கரையில் உட்கார்ந்து நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். நம் குடலில் கோடிக்கணக்கில் கிருமிகள் வாழ்கின்றன. கீரை, கம்பு, பயறு தின்றால் அந்த நாரிலிருந்து அவற்றில் சில ரத்தக்குழாய்க்கு இதமான பொருள்களைச் செய்கின்றன. தினமும் ஆட்டுக்கறி என்றால் வேறு சில கிருமிகளின் வேலையால் குழாய்க்குக் கேடான பொருள் சேர்கிறது என்றேன்.

நீ சிரித்தாய். "அப்போ வவுத்துல கீறவன்தான் என் நெஞ்சுக்கு ஓனரா மச்சான்?"

"ஓனர் இல்லடா, பங்காளி."

கறியைக் குறைத்தாய். மதியத்துக்குக் கம்பங்கூழ் வந்தது. அதோடு மாத்திரையும் சேர்ந்து அழுத்தம் இறங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பொடியை விற்கிற பொடிக்காரன் உன்னிடம் வந்தான். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று என் வார்த்தைகளையே பேசினான். கூடவே, மாத்திரை நல்ல கிருமியைக் கொன்றுவிடும், நிறுத்து என்றான். நிறுத்தினாய்.

"நீதான சொன்ன, எல்லாம் வவுத்துலதான் கீதுன்னு!"

"மாத்திரைய நிறுத்தச் சொன்னனாடா, முட்டாள்?"

"பேஜார் பண்ணாத, போ."

போனேன். மூன்று வாரம் உன் தெருப்பக்கமே வரவில்லை. நாலாவது வாரம், காலை ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும்போதே ஸ்டீயரிங்மேல் சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

மாத்திரையை விட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பொடிக்காரனுக்கு அப்படி எந்தத் தயக்கமும் இல்லை. உன் சாவுக்கு மாலையோடு வந்து, "இன்னும் ஒரு மாசம் குடிச்சிருந்தா உள்ள எல்லாம் சுத்தமாயிருக்கும் சார்" என்றான், உன் காலடியில் நின்றுகொண்டு. சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் இழுத்து விலக்கினார்கள். இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான்.

அவனை நம்பினாயே என்று உன்மேலும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போதெல்லாம் வகுப்பில் குடல் கிருமிகளைப் பற்றிப் பேசும் நாளில், வீட்டில் யாருக்குப் பிரஷர் மாத்திரை என்று பிள்ளைகளை முதலில் கேட்கிறேன். இன்று போட்டார்களா என்று போய்ப் பார்க்கச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண் சொன்னாள்: "எங்க நைனா நிறுத்திட்டிருந்தாரு சார். திட்டி, பக்கத்துலயே உக்காந்து போடவெச்சேன்."

நானும் உன்னைத் திட்டினேன். எழுந்து போயிருக்கக் கூடாது.