மணல் லாரிக்காரர் சம்பந்தம் பேச வந்தது

முருகன் துணை

கும்மிடிப்பூண்டி
16.2.2006

அன்பு மகள் சுமலதாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

ஜெர்மனியில் இன்னும் இரண்டு வருஷம் அந்த சிலிக்கானை வளைக்கிற ஆராய்ச்சியில் இருக்கச் சொல்லி உன் புரொபசர் கேட்டதற்கு அப்பா சம்மதிக்கவில்லை என்று போனில் அழுதாயே, அந்த விஷயம்தான். முதலில் கல்யாணம், அப்புறம் எதை வேண்டுமானாலும் வளைக்கட்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் தரகர் முனுசாமியிடம் சொல்லிவைத்தார். பொண்ணு இன்னா பண்ணுதும்மா என்று முனுசாமி கேட்க, சிலிக்கான் என்றால் விழிக்கிறாரே என்று, மணலிலிருந்து எடுக்கிறது என்று நான்தான் சொன்னேன். அவர் மணலோடு நிறுத்திக்கொண்டு, பள்ளிப்பட்டில் மணல் லாரி வைத்திருக்கிற அரசப்பன் வீட்டில் போய், பொண்ணு ஃபாரினில் மணல் பிசினஸ் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே அரசப்பன், பொண்ணு ஒரு நாளைக்கு எத்தினி லோடு அடிக்குது என்றார். அப்பாவுக்குப் புரியவில்லை. லோடு எல்லாம் இல்லீங்க, நகத்தளவுதான், அதையும் தலைமுடியவிட மெல்லிசா பண்ணுது என்றார் பெருமையாக. நகத்தளவுக்கா நைனா இத்தினி வருசம் படிக்க வச்ச, அதுல டப்பு எங்கேர்ந்து வரும், பேசாம வந்து நம்ம லாரிங்கள பாத்துக்கச் சொல்லு என்றார் அவர். உன்னிடம் போனில் இதே கேள்வியை அப்பா கேட்காத வாரம் உண்டா? அடுத்தவர் கேட்டதும் காது சிவந்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுப்போன துண்டை, அதுதான் பிளாஸ்டிக் தாள்மேல் சிலிக்கான் வைத்தது, பீரோவிலிருந்து எடுத்துவந்து விரலில் சுற்றிக் காட்டினார். கண்ணாடி மாதிரி ஒடையற சாமான் இது, எம் பொண்ணு கைபட்டுத்தான் இப்படி வளையுது என்றார், குரலே மாறிவிட்டது. அரசப்பன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது பெருசா கெடைக்குமா, மணல் பறக்காம லாரிய மூட நல்லா இருக்கும் என்றார். நான் சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா எழுந்து கும்பிட்டு, எம் பொண்ணுக்கு அங்க இன்னும் ரெண்டு வருசம் வேலை கீது, அது முடியாம கல்யாணப் பேச்சே இல்லீங்க என்று சொல்லிவிட்டார்! அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, பஜ்ஜியை மீதம் வைக்காமல் சாப்பிட்டுத்தான் போனார்கள். அந்த எண்ணெய்ச் செலவை உன் பேரில் எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா, கோவத்துல வாய்ல வந்துடுச்சி செல்வி என்று இழுத்தார். நாலு பேர் நடுவில் சொன்னதை மாற்றினால் உங்க மரியாதை என்ன ஆவும் என்று கேட்டேன். கோபம் ஆறிவிட்டால் மனசும் மாறிவிடும் என்பதால் தெருவில் லாரி போகும்போதெல்லாம் அரசப்பன் பேச்சை எடுத்து, அவரைச் சூடு குறையாமல் வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியுமோ தெரியாது, இதைப் படித்த கையோடு புரொபசரிடம் சரி என்று சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. எல்லா நலமும் பெற்று நல்லபடி இரு. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரிக்குப் போகிறேன். உனக்குச் சீக்கிரம் வரன் அமையவேண்டும் என்று இத்தனை நாள் முருகனிடம் நச்சரித்ததை, இரண்டு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
து. செல்வி