மணிக்கட்டுக் குழு

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

முதல் நாள் முடிந்தது. இருபத்து நான்கு பிள்ளைகள், எல்லாரும் ஒன்பதாம் வகுப்பு, தேவாரத்தில் நான் படித்த அதே பள்ளி. வாலிபால் சர்வீஸ் போடும்போது பன்னிரண்டு பேரிடம் "உன் மணிக்கட்டைக் கவனி" என்று சொல்ல வேண்டும். மற்ற பன்னிரண்டு பேரிடம் "எதிர்ப்பக்கம் கடைசி மூலையைப் பார், பந்து அங்கே விழணும்" என்று மட்டும். கையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பத்து நாள் பயிற்சி. பிறகு ஏழு நாள் பந்தைத் தொடவே கூடாது. எட்டாம் நாள் தேர்வு. பயிற்சியில் நன்றாகப் போடுவது வேறு, கற்றுக்கொள்வது வேறு. ஒரு வாரம் சும்மா இருந்த பிறகும் கையில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கற்றது. என் ஆய்வேடே இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நிற்கிறது.

மூலைக் குழு ஜெயிக்கும். ஜெயித்தே ஆக வேண்டும். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் ஜனவரியில் கல்லூரி நேர்காணலுக்குப் போக முடியும். இன்னும் எத்தனை வருஷம் கௌரவ விரிவுரையாளர் என்று கையெழுத்துப் போடுவது?

காற்று ஆளைத் தள்ளுகிறது. ஆடி முடியப்போகிறது, இதற்கு இன்னும் அடங்கத் தெரியவில்லை.

13 ஆகஸ்ட்

தங்கப்பாண்டியன் சார் இன்னும் அங்கேதான் உடற்கல்வி ஆசிரியர். அதே விசில், அதே தொப்பி. "என்னத்தா உமா, டாக்டரம்மா ஆகப்போறியாம்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

எதற்கு இந்தப் பள்ளி என்று என் கைடு ஜெபமணி மேடம் கேட்டபோது, கோம்பையிலிருந்து பஸ் வசதி என்று சொல்லிவைத்தேன். பஸ் வசதியாம்.

16 ஆகஸ்ட்

இங்கேயாவது உண்மையை எழுது உமாதேவி.

2013, தேனி, மாவட்ட இறுதிப் போட்டி. ஐந்தாவது செட், பதினான்கு–பதின்மூன்று, நாங்கள் முன்னால். சர்வீஸ் என் கையில். அந்த வருஷம் முழுக்க என் சர்வீஸ் வலையில் பட்டதே இல்லை. தூக்கிப்போடப் போகும் நேரம், கோட்டுக்கு வெளியிலிருந்து சார் கத்தினார்: "மணிக்கட்டைப் பாருத்தா, மணிக்கட்டை." பார்த்தேன். அதுவரை எனக்கு மணிக்கட்டு என்று ஒன்று இருந்ததே தெரியாது. பந்து வலையில். அடுத்த இரண்டு புள்ளியும் போய், கோப்பையும் போனது. அதற்குப் பிறகு எப்போது பந்தைத் தூக்கினாலும் கண் கைக்குத்தான் போகும். ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு ஆடுவதை நிறுத்தினேன்.

பதினோரு வருஷமாக எனக்கு அந்த மனுஷர்மேல் கோபம். அவர் சொன்னது தப்பு என்று எண்களோடு, அட்டவணையோடு, பல்கலைக்கழக முத்திரையோடு நிரூபிக்க வேண்டும். அதற்கு அவர் பள்ளியைவிட வேறு எந்த இடம் பொருத்தம்?

எழுதிப் பார்த்தால் கேவலமாகத்தான் இருக்கிறது.

20 ஆகஸ்ட்

சோறு பிசையும்போதுகூட என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். கர்ணன் சொல்கிறார். "ஆராய்ச்சி உனக்கா, பிள்ளைகளுக்கா?" கட்டிய கணவர் இவ்வளவு சரியாகப் பேசக் கூடாது.

27 ஆகஸ்ட்

பயிற்சி முடிந்தது. ஒருவருக்கு இருபது சர்வீஸ், மொத்தம் நூறு புள்ளி. இன்றைய சராசரி: மூலைக் குழு 57, மணிக்கட்டுக் குழு 48. பஸ்ஸில் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். ஏழு நாள் சும்மா இருந்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும். விரிய வேண்டும்.

31 ஆகஸ்ட்

நான்கு நாள் போயிருக்கிறது. தேவாரம் பக்கம் போகாமல் இருக்கிறேன். எந்த வேலையும் ஓடவில்லை.

4 செப்டம்பர், புதன்

மூலைக் குழு 55. மணிக்கட்டுக் குழு 61.

5 செப்டம்பர்

மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்றுதான்.

ஒரு வாரம் பந்தையே தொடாமல் பதின்மூன்று புள்ளி எப்படி ஏறும்? மண்டை வெடிக்கிறது. சார் சொன்னதுதான் சரியோ? அப்படியானால் அன்றைக்கு வலையில் போட்டது வெறும் நான்தானா?

6 செப்டம்பர்

மணிக்கட்டுக் குழுவில் மாரீஸ்வரி என்று ஒரு பெண், மெலிந்த உடம்பு, நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். இன்று அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். சிவந்து தோல் உரிந்திருந்தது. தனியாகக் கூப்பிட்டேன்.

"லீவு வாரத்துல பந்தைத் தொட்டியாத்தா?"

"தொட்டோம் டீச்சர்."

"தொட்டோம்னா? யார் யாரு?"

"எங்க பன்னண்டு பேரும். காலைல ஏழு மணிக்கே வந்துருவோம்."

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அந்தக் குரூப்பு போடும்போது நோட்டைக் கீழ வச்சுட்டுப் பாப்பீக. நாங்க போட்டா நோட்டைத்தான் பாப்பீக. நாங்க தோக்கணும்னு நீங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டீக டீச்சர். எல்லாருக்கும் ரோஷம் வந்துருச்சு."

அழவில்லை, குரல்கூட உயரவில்லை. பந்து எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "சார்ட்ட சாவி கேட்டோம். குடுத்தாக."

9 செப்டம்பர்

போய்ச் சண்டை போட்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஸ்டோர் ரூம் வாசலில் சார் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் சாவி குடுத்தீக? என் ஆராய்ச்சியே போச்சு."

"பிள்ளைக பந்து கேட்டா குடுக்காம இருக்க முடியுமாத்தா? கெஞ்சுனாலும் காலைல வராத சிறுக்கிக, தானா வந்து நிக்கிறாளுக."

ஏழு நாள் கட்டுப்பாட்டை அவரிடம் நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளிடம் சொன்னேன், தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவரிடம் எதையும் கேட்டு நிற்கக் கூடாது என்ற வீம்பு. அதை ஒத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. தேனி, பதினான்கு–பதின்மூன்று, மணிக்கட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினோரு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, இரண்டு நிமிஷம்கூட வரவில்லை.

அவர் வலையைக் கீழே வைத்தார். "எந்த மேட்ச்சுத்தா?"

ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"எல்லா மேட்ச்லயும் கத்துவேன். எங்க வாத்தியார் எனக்குச் சொன்னதே அது ஒண்ணுதான்." பிறகு, மெதுவாக: "அதுக்கா ஆட வராமப் போன? வீட்டுல கல்யாணம் பேசிட்டாகன்னுல்ல நெனச்சேன்."

பஸ்ஸில் கோம்பை வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார், தூசி என்று நினைத்திருப்பார்.

10 செப்டம்பர்

பயிற்சி முடிந்த அன்றைய எண்களை மட்டும் கொடுத்தால்? 57, 48. பொய் இல்லை. ஏழு நாள் விஷயத்தையே எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்?

மாரீஸ்வரிக்குத் தெரியும். பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

11 செப்டம்பர்

நோட்டைக் கீழே வைத்தேனா? வைத்திருப்பேன். மூலைக் குழுவின் பந்து போய் விழும்போதெல்லாம் என் மனசு கூடவே போனது. மற்ற பன்னிரண்டு பேரையும் நான் பிள்ளைகளாகப் பார்க்கவே இல்லை, சாட்சிகளாகத்தான் நிறுத்தியிருந்தேன். ஒரு பெரியவரைத் தோற்கடிக்க அந்தப் பிள்ளைகள் தோற்க வேண்டும் என்று நின்றிருக்கிறேன். அவராவது தெரியாமல் செய்தார். நான்?

12 செப்டம்பர்

மேடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். தரவு செல்லாது, காரணம் இரண்டு: ஒரு குழு இடையில் பயிற்சி செய்தது, அதைச் செய்யத் தூண்டியது ஆய்வாளரின் பாரபட்சம். இரண்டாவது வரியை அடித்து அடித்து எழுதினேன்.

மாலையில் போன் செய்தார்கள். "டிசம்பர் போச்சு, தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"வேற ஊர்ல திரும்பப் பண்ணு. இந்தத் தடவை நீ பயிற்சி குடுக்காத. யார் எந்தக் குழுன்னு உனக்கே தெரியக் கூடாது. கவர்ல போட்டு நான் வச்சுக்கிறேன்."

14 செப்டம்பர், சனி

பள்ளிக்குப் போய் பன்னிரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி கேட்டாள்: "அப்ப நாங்க ஜெயிச்சது கணக்குல வராதா டீச்சர்?" வராது என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

21 ஜனவரி 2025

இன்று கல்லூரி நேர்காணல். எனக்கில்லை. காலையிலிருந்து வீட்டைக் கூட்டிக் கூட்டித் தேய்த்துவிட்டேன்.

3 பிப்ரவரி

வடுகபட்டியில் பயிற்சி தொடங்கியது. அந்தப் பள்ளி ஆசிரியை முத்துமாரியம்மாள்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஏழு நாள் விஷயத்தை அவர், வாட்ச்மேன், சாவி வைத்திருப்பவர் என்று எல்லாரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். பயிற்சி நேரத்தில் மைதானத்துப் பக்கம் எனக்கு அனுமதி இல்லை. பந்து அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் டீக்கடை இருக்கிறது. நான்கு டீ.

25 பிப்ரவரி

தேர்வு முடிந்தது. எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியாமல் புள்ளி போட்டேன். எல்லாருடைய பந்தையும் பார்த்தேன். கண் எரிகிறது, தலை லேசாக இருக்கிறது.

28 பிப்ரவரி

மேடம் கவரைப் பிரித்தார்கள். மூலைக் குழு 58, மணிக்கட்டுக் குழு 51. கூட்டல் சரி, புள்ளியியல் சோதனை சரி, ஆய்வேட்டுக்குப் போதும்.

பதினோரு வருஷம் காத்திருந்த எண். பார்த்தவுடன் பசித்தது, அவ்வளவுதான்.

2 மார்ச், ஞாயிறு

சாருக்குப் போன் செய்தேன். சொல்லாமலே விட்டிருக்கலாம், ஆனால் இன்னொரு தடவை அவரிடம் மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. குழு, சராசரி, வித்தியாசம் எல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"அப்ப இத்தனை வருசமா பிள்ளைகளைத் தப்பாவாத்தா பழக்கிட்டேன்?"

"தப்புன்னு இல்ல சார்..." என்று இழுத்தேன். இதைக் கேட்கத்தானே இவ்வளவும்? கேட்டபோது போனை வைத்துவிடலாம் போலிருந்தது.

"சரி, எப்படிச் சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. பெரிய எழுத்தா எழுது, கண்ணு மங்கிப்போச்சு. மே மாசம் ரிட்டயர்டு. அதுவரைக்கும் வர்ற பிள்ளைகளுக்காவது சரியாச் சொல்லிப்புடுறேன்."

முதல் தாளில் அவர் சொல்லக் கூடாதவைதான் பட்டியலாக வந்தது. கிழித்தேன். இரண்டாவது தாள் ஆய்வேடு மாதிரி இருந்தது. மூன்றாவதில் நான்கே வரி, ஸ்கெட்ச் பேனாவில். நாளைக்கு முதல் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மே மாதத்துக்கு அதிக நாள் இல்லை.