ராத்திரிச் சம்பளம்

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், அப்பாவின் கால் புண்ணும் ஆறிக்கொண்டு வருகிறது, மஸ்கட்டில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். உடம்புதான் சுகம், மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மோசஸ் லீவு முடிந்து அங்கே திரும்புவதால் கோவளத்துக் கருவாட்டோடு இதையும் அவனிடம் கொடுக்கிறேன். கருவாட்டை நன்றாக அலசிச் செய், உப்பு தூக்கலாக இருக்கிறது.

திருவிடந்தையில் ரேணுகா மேடம் வீட்டில் தங்கி ஹேமந்தைக் கைக்குழந்தையிலிருந்து நான் பார்த்துக்கொண்டது உனக்குத் தெரியும். இப்போது அவனுக்கு மூன்று வயது, ப்ளே ஸ்கூல் போகிறான். நம் வீட்டுக்குத் தளம் போட்டதிலிருந்து நான் அதில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மாதிரி வந்து துணி துவைத்துவிட்டுப் போகிறேன். அப்பாவின் காலைத் தினமும் சுத்தம் செய்து கட்ட வேண்டும் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், அவரோ கட்டு அவிழ்ந்து தொங்கினாலும் டீக்கடைக்குப் போகிற ஆள். அதனால் காலையில் வந்து சாயந்திரம் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று மேடத்திடம் கேட்டேன். தாராளமா போங்க அக்கா, ஆனா ராத்திரி இருக்க மாட்டீங்க இல்லையா, சம்பளத்துல மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டுவிடு, நான் அனுப்புகிறேன் என்று நீ சொல்வாய். உன் பணம் உன் கல்யாணத்துக்கு இருக்கட்டும், என் கையில் நான் சம்பாதித்த காசு இருந்தால்தான் எனக்குத் தெம்பு.

சனிக்கிழமை பேசப் போனபோது உன் அப்பாவும் கூட வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லித்தான் கூட்டிப்போனேன். நான் நேராகவே கேட்டேன். வேலைக்கு சேரும்போது ராத்திரிக்கு எவ்ளோன்னு கேட்டதுக்கு, அதுக்கு எதுக்குக்கா தனியா, சும்மா பிள்ளை பக்கத்துல படுத்துக்கப் போறீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க, பல்லு மொளைக்கும்போதும் ஜொரத்துலயும் தோள்ல போட்டுகினு வூடு பூரா நடந்தேனே, அப்பல்லாம் சும்மா இருந்த ராத்திரிக்கு நான் போறேன்னதும் எங்கேர்ந்து வெல வந்துச்சு என்றேன். மேடம் பிள்ளையின் பொம்மைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அவர் வீட்டுக்காரர் கலையரசன் சார் லேப்டாப்பை மூடிவிட்டு மேடம் முகத்தையே பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சரி என்றிருப்பார்கள். அப்போதுதான் உன் அப்பா, நாங்க இன்னா சொல்லப் போறோம் மேடம், நீங்களா பாத்து குடுங்க என்றார். கொத்து வேலைக்குப் போன காலத்திலிருந்து கூலி கேட்கிற இடத்திலெல்லாம் அவருக்கு வருகிற ஒரே வார்த்தை அதுதான், தொகையைச் சொல்லிக் கேட்டால் மரியாதை இல்லையாம். அப்படிப் பார்த்துக் கொடுத்த மகராசன் யார் என்று அவரையே கேள். மேடம் முகத்தில் தெளிவு வந்துவிட்டது, அண்ணன் சொல்றதால கால் பங்கு மட்டும் குறைச்சுக்கறேன் என்று பெரிய மனசு பண்ணினார். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இப்ப இன்னா ஆயிப்போச்சுன்னு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற என்று அவர் பின் சீட்டிலிருந்து கேட்டார்.

அதன் பிறகு வீட்டில் இருந்தேன் என்று பேர், இருப்புக் கொள்ளவில்லை. கூட்டின வாசலையே கூட்டினேன், போனில் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். வேறு ஆள் வைத்துவிட்டார்களோ, பிள்ளை சாப்பிட்டானோ, ஆத்திரத்தில் வேலையைக் கெடுத்துக்கொண்டேனோ என்று ஒரே யோசனை. செவ்வாய்க்கிழமை மேடம் போன் செய்தார், பின்னால் ஹேமந்த் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன் என்று பயந்து, பழைய சம்பளம்னா வரேன் மேடம், ஒரு ரூபா கொறைஞ்சாலும் வேணாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள், பிறகு சரி அக்கா, நாளைக்கே வாங்க என்றார். பாத்தியா, நான் சொன்னா மாதிரி பாத்துதான் குடுத்துகீறாங்க என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

முதல் நாள் சாயந்திரம் கிளம்பும்போது ஹேமந்த் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான், கையைப் பிரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். விடியும் வரை எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை, என்ன பாடு படுத்துகிறானோ என்று காலையில் முதல் பஸ்ஸுக்கே ஓடினேன். மேடம் சிரித்துக்கொண்டே, சமத்தா எங்கூட படுத்து தூங்கிட்டான் அக்கா, ஒரு தடவைகூட எழுந்திரிக்கல என்றார். நல்லதுதானே, பெற்றவளோடு தூங்கினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு ஞாயிறு, இன்னும் தூக்கம் சரியாகவில்லை. நம் வீட்டில் இத்தனை அகலக் கட்டிலில், புரண்டால் பிள்ளை மேல் விழுந்துவிடுவேன் என்று ஓரமாகவே படுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் படு. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே. நீ போகும் இடமெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையிருந்து நல்ல பெயரும் நீண்ட ஆயுசும் தரட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பிரிசில்லா தாவீது